டிரிப் ஷீட்டில் தொடங்குங்கள்: நெடுந்தூர லாரிக்குப் பேட்டரியா, ஹைட்ரஜனா என ஆராயும் வழி

பேட்டரி லாரியா, ஹைட்ரஜன் லாரியா என்று கேட்டு என்னிடம் வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். டிரிப் ஷீட் கையில் இருக்கிறதா?

இல்லையென்றால் முதலில் அதை வாங்கி வரச் சொல்வேன். தயாரிப்பாளர் தரும் விவரத் தாள், ஆய்வுக் கட்டுரை, கண்காட்சியில் எடுத்த படம் எல்லாம் அப்புறம்.

ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஆறு வருடம் டிரிப் கணக்கு எழுதியவன் நான். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை டன் ஏற்றியது, எங்கே நின்றது, எத்தனை லிட்டர் டீசல் குடித்தது, திரும்பும்போது லோடு இருந்ததா, காலியாக வந்ததா. அதற்குப் பிறகுதான் வண்டிகளின் எரிசக்திக் கணக்குப் போடும் வேலைக்கு வந்தேன். வந்ததும் போட்ட முதல் கணக்கிலேயே பெரிய தவறு செய்தேன். புதிதாக வருகிறவர்கள் பலர் அதே இடத்தில் தவறுவதைப் பார்க்கிறேன் என்பதால் அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

மொத்தம் 14 லாரிகள். ஒரு வண்டி ஒரு நாளில் சராசரியாக 410 கி.மீ. ஓடியது. 500 கி.மீ. ஓடும் பேட்டரி லாரி வந்துவிட்டது, ஆகவே பதினான்கையும் மாற்றலாம் என்று எழுதினேன். அந்த வழிகளில் பல வருடம் ஓட்டிய மூத்த டிரைவர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இதுல எந்த வண்டி 410 ஓடுது?" என்று கேட்டார். எதுவுமே ஓடவில்லை. ஒன்பது வண்டிகள் தினம் 275 கி.மீ. வாக்கில் ஓடின. ஐந்து வண்டிகள் 650 கி.மீ. வாக்கில் ஓடின. 410 என்ற எண் என் தாளில் மட்டும்தான் இருந்தது.

அன்றிலிருந்து என் வேலை வண்டியில் தொடங்குவதில்லை, டிரிப்பில் தொடங்குகிறது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்.

டிரிப் ஷீட்டில் எதைத் தேடுவது

முடிந்தால் ஒரு முழு வருடத்துக்கான கணக்கை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மிகக் குளிரான ஒரு மாதமும் மிக வெப்பமான ஒரு மாதமும் அவசியம் வேண்டும். ஜிபிஎஸ் பதிவு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஜிபிஎஸ் எடையைச் சொல்லாது, அதனால் எடைமேடைச் சீட்டுகளையும் கேளுங்கள்.

ஒவ்வொரு வண்டியின் நாட்களையும் ஓடிய தூரப்படி சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். நூறு நாட்கள் இருந்தால் தொண்ணூற்றைந்தாவது நாளில் நிறுத்திப் பாருங்கள். அந்த நாளின் தூரத்தைச் சமாளிக்கும் வண்டிதான் உங்களுக்கு வேண்டிய வண்டி. மீதி ஐந்து நாட்களை வேறு வண்டியிடம் கொடுத்துவிடலாம். அந்த ஐந்து நாட்களுக்காக வருடம் முழுதும் பெரிய பேட்டரியைச் சுமப்பது வீண். சராசரியை நம்பி வாங்கினால் பாதி நாட்கள் வழியில் தவிக்க நேரிடும். இரண்டுக்கும் நடுவே இந்தத் தொண்ணூற்றைந்தாவது நாள் எனக்கு இதுவரை சரியாகவே வழிகாட்டியிருக்கிறது.

அடுத்தது, மொத்தத் தூரத்தைவிட முக்கியமான ஒன்று. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே உள்ள தூரம். வண்டி அரை மணிக்கு மேல் நின்ற இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். ஏன் நின்றது என்பதை டிரைவரிடம்தான் கேட்க வேண்டும். சாப்பாடா, தூக்கமா, கோடவுனில் வரிசையா, காகித வேலையா? இதைப் பதிவேடு சொல்லாது. நான் பார்த்தவரை கோடவுன் வாசலில் காத்திருக்கும் நேரம்தான் யாரும் கணக்கில் எடுக்காத புதையல். அங்கே சார்ஜர் வைக்க முடிந்தால் பயணத்தில் ஒரு நிமிடம்கூடக் கூடாது.

ஓட்டுநர் நேரச் சட்டத்தையும் இங்கேயே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது அதிகபட்சம் 360 கி.மீ. அமெரிக்காவில் எட்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகுதான் 30 நிமிட இடைவேளை கட்டாயமாகிறது. மணிக்கு 100 கி.மீ. என்றால் அதற்குள் 800 கி.மீ. போய்விடலாம். ஒரே வண்டி, இரண்டு சட்டம், இரண்டு விடை. ஒரு கண்டத்தில் எழுதப்பட்ட அறிக்கையின் முடிவை இன்னொரு கண்டத்துக்கு அப்படியே தூக்கி வராதீர்கள். இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டும் வண்டிகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அவை நிற்பதே அபூர்வம், சார்ஜ் ஏற்ற நேரமும் இல்லை. ஹைட்ரஜன் பக்கம் பேசுவதற்கு மிக வலுவான இடம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பக்கத்தில் முடியும் கணக்கு

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். அதற்குப் பின் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நம்பலாமா என்று உங்களுக்கே தெரியும்.

வண்டியும் லோடும் சேர்ந்து 40 டன். சமதளச் சாலை, மணிக்கு 80 கி.மீ. டயர் உருளும்போது வரும் தடை எடையில் சுமார் 0.5 சதவீதம் என்று வைத்தால் 1,960 நியூட்டன். காற்றுத் தடைக்கு, முகப்புப் பரப்பு 10 சதுர மீட்டர், தடைக் குணகம் 0.5 என்று வைத்தால் 1,480 நியூட்டன். இரண்டும் சேர்ந்து சுமார் 3,440. அந்த விசையோடு ஒரு கிலோமீட்டர் தள்ள 0.96 கிலோவாட் மணி வேண்டும். கிலோவாட் மணி என்பது மின் கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். இனி யூனிட் என்றே சொல்கிறேன். பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள் 12 சதவீதம் இழப்பு என்று எடுத்தால், பேட்டரியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.1 யூனிட் போகும்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. மெர்சிடிஸ் பென்ஸின் இ-ஆக்ட்ரோஸ் 600 என்ற பேட்டரி லாரிகள் 2024-ல் ஐரோப்பா முழுக்க 15,000 கி.மீ.க்கு மேல் 40 டன் எடையோடு ஓடியபோது, நிறுவனம் சொன்ன சராசரி 100 கி.மீ.க்கு 103 யூனிட். நம் கையால் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

இப்போது அதே கணக்கை மணிக்கு 100 கி.மீ. என்று மாற்றுங்கள். டயர் தடை மாறாது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப 2,315 நியூட்டனாக ஏறும். 1.1 யூனிட் 1.35 ஆகிவிடும். வேகத்தில் இருபது கூடியதற்கு ஓடும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மலைக்கும் ஒரு எளிய விதி உண்டு. 40 டன்னை 100 மீட்டர் உயரம் ஏற்ற சக்கரத்தில் 11 யூனிட் வேண்டும். 900 மீட்டர் ஏறும் வழியில் ஏற்றத்துக்கு மட்டும் 99 யூனிட். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி ஒரு பெரும் பங்கைத் திருப்பித் தரும், முழுவதையும் அல்ல. மலை உச்சியிலேயே முழு சார்ஜ் போட்டுக் கிளம்பினால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமே இருக்காது. அடிவாரத்தில் டெப்போ இருப்பதும் உச்சியில் இருப்பதும் ஒன்றல்ல.

சரிபார்க்க இன்னொரு குறுக்கு வழி சொல்கிறேன். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. உங்கள் வண்டி 100 கி.மீ.க்கு 30 லிட்டர் குடித்தால் 300 யூனிட். நல்ல இன்ஜின் அதில் 40 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றும், அதாவது 120. உங்கள் மின்சாரக் கணக்கு இதைச் சுற்றி வராவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது. டிரிப் ஷீட்டில் உள்ள டீசல் லிட்டர் பெரிய சாட்சி, அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கை கணக்கு படிந்த பிறகு மென்பொருளுக்குப் போகலாம். ஐரோப்பிய ஆணையம் கனரக வண்டிகளின் எரிபொருளைக் கணிக்க வைத்திருக்கும் வெக்டோவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எரிபொருள் உண்டாவதிலிருந்து வண்டி ஓடுவதுவரை உமிழ்வைப் பார்க்க, அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் தரும் கிரீட் இருக்கிறது.

எடையும் இடமும்

பேட்டரி லாரி என்றதும் எல்லோரும் எடையைப் பேசுவார்கள், சரிதான். முழு பேக்காகப் பார்த்தால் கிலோவுக்கு 140 வாட் மணி, அதாவது 0.14 யூனிட் என்று எடுங்கள். 600 யூனிட் பேட்டரி நாலேகால் டன்னைத் தாண்டும். டீசல் இன்ஜின், கியர்பாக்ஸ், டேங்க், புகைச் சுத்திகரிப்புச் சாமான்கள் கழன்று போவதால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். சட்டமும் கொஞ்சம் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புகையில்லா லாரிக்கு மொத்த எடையில் 2 டன் வரை கூடுதல் அனுமதி உண்டு. அமெரிக்காவில் பேட்டரி லாரிக்கு 2,000 பவுண்டு, அதாவது 900 கிலோ.

ஆனால் இதெல்லாம் யாருக்குப் பொருந்தும்? எடைமேடைச் சீட்டுகளை எடுங்கள். முழு எடைக்கு ஏற்றும் டிரிப் எத்தனை, இடம் நிரம்பிவிட்டதால் எடை மிச்சமிருக்கப் போகும் டிரிப் எத்தனை என்று பிரியுங்கள். சிமென்ட், இரும்பு ஏற்றுகிறவருக்கு ஒரு டன்னும் வலிக்கும். பார்சல், அட்டைப்பெட்டி ஏற்றுகிறவருக்கு நாலு டன் போனாலும் தெரியாது. இந்தப் பிரிவினை இல்லாமல் "பேட்டரியால் லோடு குறைகிறது" என்று எழுதும் அறிக்கை எனக்கு அரைகுறையாகத்தான் தெரிகிறது.

ஹைட்ரஜனுக்கு எடை இரண்டாம் பட்சம், இடம்தான் பிரச்சினை. ஒரு கிலோவில் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது, டீசலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அந்த ஒரு கிலோவை அடைக்க வேண்டுமே. 350 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 350 மடங்கு அழுத்தத்தில், ஒரு லிட்டரில் 24 கிராம்தான் அடங்கும். 700 பாரில் 40 கிராம். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கினால் 71 கிராம். 80 கிலோவை 700 பாரில் வைக்க வாயுவுக்கு மட்டும் 2,000 லிட்டர் இடம் வேண்டும். கார்பன் இழைச் சுவரின் தடிமன் தனி. உருளை வடிவ டேங்க் என்பதால் அதை மூலை முடுக்கில் ஒளித்து வைக்கவும் முடியாது, கேபினுக்குப் பின்னால் நிற்க வைப்பார்கள். வண்டியின் மொத்த நீளத்துக்குச் சட்ட வரம்பு இருக்கும் இடங்களில் இது நேராக ட்ரெய்லர் நீளத்தில் கை வைக்கும். திரவ ஹைட்ரஜன் இடத்தைக் குறைக்கிறது. ஆனால் வண்டி பல நாள் சும்மா நின்றால் உள்ளே மெல்ல ஆவியாகி அழுத்தம் ஏறி, வாயுவை வெளியே விட வேண்டி வரும். உங்கள் வண்டிகள் வாரக் கடைசியில் நிற்குமா என்று டிரிப் ஷீட்டை மறுபடி திறந்து பாருங்கள்.

மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பதுவரை போங்கள்

இந்தப் பகுதியைத்தான் நான் யாரையும் தாண்ட விடமாட்டேன்.

பேட்டரி லாரி 100 கி.மீ.க்கு 110 யூனிட் கேட்கிறது. சார்ஜரிலும் கம்பியிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் மின்நிலையத்தில் 127 யூனிட் உண்டாக்க வேண்டும் என்று வையுங்கள். ஃபியூயல் செல் லாரி, அதாவது ஹைட்ரஜனை வண்டியிலேயே மின்சாரமாக மாற்றி ஓடும் லாரி, 100 கி.மீ.க்கு சுமார் 8 கிலோ ஹைட்ரஜன் கேட்கும். இது ஊகம் இல்லை. டெய்ம்லரின் ஜென்-எச்2 லாரி 2023 செப்டம்பரில் 80 கிலோ கொள்ளும் திரவ டேங்க்குகளோடு, நடுவில் நிரப்பாமல், ஜெர்மனியின் வோர்த்திலிருந்து பெர்லின்வரை 1,047 கி.மீ. போனது. டேங்க் முழுவதும் தீர்ந்ததாக வைத்தால் 100 கி.மீ.க்கு 7.6 கிலோ.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் வேண்டும். அழுத்தி ஏற்றுவதையும் சேர்த்து 60 என்று வைத்தால், 8 கிலோவுக்கு 480 யூனிட். அதே 100 கி.மீ.க்கு ஏறத்தாழ நாலு மடங்கு மின்சாரம். திரவமாக்கினால் கிலோவுக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் அதற்கே போகும்.

உமிழ்வுக் கணக்கைப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 30 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 79 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனுக்குக் கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 8 கிலோவுக்கு 72 முதல் 80. அதாவது புகைக்குழாயில் தண்ணீர் ஆவி மட்டும் விடும் லாரி, தொழிற்சாலையில் ஏறக்குறைய டீசல் லாரி அளவுக்கே புகை விட்டிருக்கிறது. இன்று உலகில் உண்டாகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும் பங்கு இப்படி எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. நிலக்கரி மிகுந்த மின்கட்டமைப்பில், யூனிட்டுக்கு 700 கிராம் என்றால், பேட்டரி லாரியும் 89 கிலோவுக்குப் போய்விடும். அதே மின்சாரத்தில் ஹைட்ரஜன் பிரித்தால் 336 கிலோ. யூனிட்டுக்கு 300 கிராம் உள்ள கட்டமைப்பில் பேட்டரி லாரி 38 கிலோவில் நிற்கும். டீசலைத் தோண்டிச் சுத்திகரிப்பதில் வரும் உமிழ்வை நான் இங்கே சேர்க்கவில்லை. நீங்கள் அறிக்கை எழுதும்போது மூன்றுக்கும் ஒரே எல்லையில் கணக்கிடுங்கள். ஒன்றைப் புகைக்குழாயிலும் மற்றொன்றை மின்நிலையத்திலும் அளப்பது நியாயம் இல்லை.

ஆகவே "பசுமை ஹைட்ரஜன்" என்று யாராவது சொன்னால், எந்த ஆலை, எந்த மின்சாரம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, இன்று கிடைக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சார்ஜரும் ஹைட்ரஜன் பங்க்கும்

பத்து லாரிக்குப் பத்து மெகாவாட் வேண்டும் என்று பயந்துபோய் வருகிறவர்கள் நிறைய. நிதானமாகப் பாருங்கள். 600 யூனிட்டை இரவு பத்து மணி நேரத்தில் ஏற்ற 60 கிலோவாட் போதும். பத்து வண்டிக்கு 600 கிலோவாட். அதுவும் சிறிய இணைப்பு அல்ல, விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் பயமுறுத்திய எண்ணில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்குதான் இது. ஒவ்வொரு வண்டியும் டெப்போவில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதை டிரிப் ஷீட்டிலிருந்து எடுத்து, அந்த நேரத்தால் யூனிட்டை வகுத்தால் போதும்.

வழியில் வேகமாக ஏற்ற எம்சிஎஸ் என்ற மெகாவாட் சார்ஜிங் முறை வந்திருக்கிறது. 2022 ஜூனில் ஆஸ்லோவில் அறிமுகமானது. 1,250 வோல்ட், 3,000 ஆம்பியர், அதாவது 3.75 மெகாவாட்வரை போகக்கூடிய வடிவமைப்பு. இ-ஆக்ட்ரோஸ் 600 அதில் ஒரு மெகாவாட் அளவில் 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு அரை மணியில் ஏறும் என்கிறது நிறுவனம். அது சுமார் 330 கி.மீ. ஓட்டம். ஐரோப்பாவின் 45 நிமிட ஓய்வுக்குள் இது கச்சிதமாக அடங்குவது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். 2030 இறுதிக்குள் முக்கியச் சாலைகளில் லாரிக்கான சார்ஜிங் இடம் 60 கி.மீ.க்கு ஒன்று, ஹைட்ரஜன் நிலையம் 200 கி.மீ.க்கு ஒன்று என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டிருக்கிறது. சீனாவில் இன்னொரு வழி, பேட்டரியையே சில நிமிடங்களில் கழற்றி மாற்றுகிறார்கள். உங்கள் வழியில் அப்படி ஒன்று இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

ஹைட்ரஜன் நிலையத்தைப் பார்க்கப் போனால் வரைபடத்தில் புள்ளி இருப்பதை நம்பித் திரும்பாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தரும், எந்த அழுத்தம், அடுத்தடுத்து மூன்று லாரி வந்தால் மூன்றாவது எவ்வளவு நேரம் காத்திருக்கும், கடந்த வருடம் எத்தனை நாள் பழுதாகி நின்றது என்று கேளுங்கள். 2019 ஜூனில் ஆஸ்லோ அருகே ஒரு நிலையத்தில் டேங்க்கின் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படாததால் வாயு கசிந்து வெடித்தது. விசாரணை முடியும்வரை மற்ற நிலையங்களும் மூடப்பட்டன. வண்டி வைத்திருந்தவர்களுக்கு நிரப்ப இடம் இல்லாமல் போனது. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் தன் கார் ஹைட்ரஜன் நிலையங்களை மூடியது. மின்சாரச் சார்ஜர் ஒன்று நின்றால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும், மோசமான நிலையில் மெதுவான இணைப்பாவது கிடைக்கும். ஹைட்ரஜனுக்கு அந்த மாற்று இல்லை. எரிபொருளின் தரத்தையும் கேளுங்கள். சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 14687-ன்படி கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பிளாட்டினம் வினையூக்கி நஞ்சேறி செல்லின் திறன் குறையும்.

வெப்பமும் ஆயுளும்

ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று ஃபியூயல் செல்லின் வெப்பம். டீசல் இன்ஜின் தன் கழிவு வெப்பத்தில் பெரும் பங்கைப் புகையோடு வெளியே தள்ளிவிடும். ஃபியூயல் செல் சுமார் 80 டிகிரியில் ஓடுகிறது, அதன் வெப்பம் ஏறக்குறைய முழுவதும் ரேடியேட்டர் வழியாகத்தான் போக வேண்டும். 300 கிலோவாட் கொடுக்கும் செல் 50 சதவீதத் திறனில் இன்னொரு 300 கிலோவாட்டை வெப்பமாகக் கக்கும். வெளியே 40 டிகிரி என்றால் வெறும் 40 டிகிரி வித்தியாசத்தில் அதை வெளியேற்ற வேண்டும். முழு லோடு, நீண்ட ஏற்றம், கோடை மதியம் மூன்றும் சேரும் இடத்தில் என்ன ஆகும் என்று தயாரிப்பாளரிடம் கட்டாயம் கேளுங்கள். அந்த ஏற்றத்தில் உதவிக்கு இருக்கும் சிறிய பேட்டரி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பதும் சேர்ந்த கேள்வி. குளிர்ப் பிரதேசத்தில் இதே வெப்பம் நன்மை. கேபினைச் சூடாக்க இலவசமாகக் கிடைக்கும். பேட்டரி லாரி அதற்கும் யூனிட் செலவழிக்க வேண்டும், உறைந்த பேட்டரி வேகச் சார்ஜையும் ஏற்காது.

ஆயுளுக்கு இரண்டு வரிக் கணக்கு போதும். வருடம் 1,20,000 கி.மீ., கிலோமீட்டருக்கு 1.1 யூனிட், 600 யூனிட் பேட்டரி என்றால் வருடத்துக்கு 220 முழுச் சார்ஜ் சுற்று. பத்து வருடத்தில் 2,200. இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரிகளுக்கு இது எட்டக்கூடியதுதான். அதே ஓட்டம் மணிக்கு 70 கி.மீ. சராசரி வேகத்தில் வருடம் 1,700 மணி நேரம், பத்து வருடத்தில் 17,000. நெடுந்தூர லாரியின் ஃபியூயல் செல்லுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு 25,000 மணி நேரம். இலக்கு வேறு, உத்தரவாதம் வேறு. உத்தரவாதத் தாளில் எத்தனை மணி நேரம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

சொல்லப்பட்டதை வாசிக்கும் முறை

அமெரிக்க லாரி நிறுவனமான நிகோலா 2018-ல் ஒரு காணொளி வெளியிட்டது. அதன் ஹைட்ரஜன் லாரி சாலையில் அழகாக ஓடியது. உண்மையில் வண்டி ஒரு சரிவில் தானாக உருண்டது. 2020-ல் இது வெளியே வந்தது. நிறுவனர் டிரெவர் மில்டன் 2022 அக்டோபரில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது, 2025-ல் அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. அதற்குள் நிறுவனம் திவால் மனு போட்டுவிட்டது. இதற்காக ஹைட்ரஜன் லாரி எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. ஹூண்டாயின் எக்ஸியன்ட் ஃபியூயல் செல் லாரிகள் 2020 முதல் சுவிட்சர்லாந்தில் வாடிக்கையாளர்களின் சரக்கை ஏற்றி ஒரு கோடி கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கின்றன. 31 கிலோ ஹைட்ரஜன், 400 கி.மீ. என்ற அடக்கமான எண்ணோடு.

எந்தச் செய்தியானாலும் அதன் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதும் கேள்விகள் இவை: மொத்த எடை எவ்வளவு, வேகம் எவ்வளவு, வெளி வெப்பம் எவ்வளவு, ஒரு நாள் ஓட்டமா பல மாத ஓட்டமா, அளந்தது யார். டெஸ்லாவின் பேட்டரி லாரியான செமி 2022 நவம்பரில் 81,000 பவுண்டு எடையோடு ஒரே சார்ஜில் 500 மைல் போனதாக நிறுவனம் சொன்னது. அது ஒரு நாள், சொன்னது அவர்களே. 2023 செப்டம்பரில் நாக்ஃபே என்ற அமைப்பு பல நிறுவனங்களின் மின் லாரிகளை அன்றாட வேலையிலேயே வைத்து மூன்று வாரம் கண்காணித்து எண்களைப் பொதுவில் வைத்தது. பெப்சிகோவின் ஒரு செமி நடுவில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் 1,000 மைலைத் தாண்டியதும் அதில்தான். என் கண்ணுக்கு இரண்டாவதுக்குத்தான் மதிப்பு அதிகம். அன்றைக்கு எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம் ஏற்றியது என்பதும் சேர்ந்தே கிடைக்கிறது.

முடிவை எழுதும்போது

எல்லா வண்டிக்கும் ஒரே விடை எழுதாதீர்கள். வழிகளைக் குவியல்களாகப் பிரியுங்கள். என் 14 வண்டிகளை இரண்டாம் முறை எழுதியபோது இப்படி வந்தது.

275 கி.மீ. ஓடும் ஒன்பதும் இரவுச் சார்ஜிலேயே முடிந்துவிட்டன, மிகக் குளிரான மாதத்திலும் மிச்சம் இருந்தது. 650 கி.மீ. ஓடும் ஐந்தில் மூன்று, பாதி வழியில் ஒரு கோடவுனில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்கும் வண்டிகள். அவற்றுக்கு நாளொன்றுக்கு 715 யூனிட் வேண்டும். 600 யூனிட் பேட்டரியில் பத்து சதவீதத்தைக் கையிருப்பாக விட்டால் 540. பற்றாக்குறை 175. அந்த வாசலில் 150 கிலோவாட் சார்ஜர் ஒன்று ஒவ்வொரு வண்டிக்கும் இருந்தால் ஒன்றரை மணியில் 225 யூனிட் ஏறிவிடும். ஆகவே அந்த மூன்றின் எதிரே வண்டியின் பெயரை எழுதாமல், கோடவுன்காரரிடம் பேச வேண்டும் என்று எழுதினேன்.

மீதி இரண்டும் மலை வழி. முழு எடை, இரண்டு டிரைவர்கள், எங்கும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. சில நாட்கள் 700 கி.மீ. கிலோமீட்டருக்கு 1.5 யூனிட் என்று எடுத்தால் இரண்டுக்கும் சேர்த்து 2,100 யூனிட், மின்நிலையத்தில் 2,400. ஹைட்ரஜன் என்றால், இந்த வழியில் 100 கி.மீ.க்கு 10 கிலோ என்று எடுத்து, நாளொன்றுக்கு 140 கிலோ, பசுமையாக எடுக்க 8,400 யூனிட். அந்த வழியில் மெகாவாட் சார்ஜரும் இல்லை, ஹைட்ரஜன் நிலையமும் இல்லை. இரண்டே லாரிக்காக யாரும் ஹைட்ரஜன் நிலையம் கட்டமாட்டார்கள், ஆகவே அதே வழியில் போகும் பிற நிறுவனங்களின் லாரிகளையும் எண்ண வேண்டும். அதை எண்ணும்வரை அந்த இரண்டின் எதிரே "இப்போதைக்கு டீசல்" என்று எழுதி, தேதி போட்டு, என்ன மாறினால் விடை மாறும் என்பதைக் கீழே குறித்தேன்: மலையடிவாரத்தில் ஒரு மெகாவாட் இணைப்பு, அல்லது அந்தச் சாலையில் நாளுக்கு ஒரு டன் ஹைட்ரஜனுக்குத் தேவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்து இரண்டு வரியையும் சரிபார்க்கிறேன்.